கடைசிப் படி வரைக்கும் ஒரு கைபிடி

யாழ்ப்பாண நகரிலும் அதைச் சுற்றியும் மாடிக்கட்டடம் கட்டுகிற முதலாளிமாருக்கும், அவற்றுக்குப் பிளான் கீறுகிறவர்களுக்கும், கட்டிக்கொடுக்கிற ஒப்பந்தக்காரர், மேசன்மாருக்கும்,

வணக்கம்.

நான் முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வெடுத்தவள். உங்களில் சிலபேர் என்னிடம் பின்னமும் விகிதமும் படித்திருப்பீர்கள். அந்த உரிமையில்தான் எல்லாரும் பார்க்க இந்த மடலை எழுதுகிறேன். உங்களிடம் கேட்பது ஒரேயொரு சாமான். உங்கள் கட்டடத்து மாடிப்படிக்கு இரண்டு பக்கமும், மேலிருந்து கீழே கடைசிப் படியைத் தாண்டும் வரைக்கும், கையால் இறுக்கிப் பிடிக்கக்கூடிய ஒரு கைபிடி போடுங்கள்.

போன ஐப்பசியில், மாரி தொடங்கிய கிழமை, எங்கள் ஒழுங்கை முடக்கில் மழைவெள்ளம் கொண்டுவந்து குவித்த மணலில் ஸ்கூட்டி சறுக்கி விழுந்தேன். வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்துவிட்டன. சத்திரசிகிச்சை செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். முதல் ஆறு கிழமை அந்தக் காலில் பாரம் கொடுக்கவே கூடாது, பிறகு மெல்ல மெல்லக் கொடுக்கலாம் என்றார்கள். எல்லாமாக நாலு மாதம் கமக்கட்டுக்குள் கிறச்சஸ், அதாவது ஊன்றுகோற் கட்டை, இரண்டு வைத்து நடந்தேன். இப்போது கைத்தடிகூட இல்லாமல் சந்தைக்குப் போய் வருகிறேன். எனக்கு அது முடிந்துபோன கதை. ஆனால் அந்த நாலு மாதத்தில் இந்த ஊரின் படிகளைப் படித்த மாதிரி, நாற்பது வருடம் அவற்றில் ஏறி இறங்கியபோதுகூட நான் படித்ததில்லை.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்த பிள்ளை முதல் நாளே ஒரு வாய்பாடு சொல்லித்தந்தா. "அம்மா, ஏறேக்க நல்ல கால் முதல், இறங்கேக்க நொந்த கால் முதல். மாறிப்போனா விழுவீங்கள்." ஏறும்போது உடம்பை மேலே தூக்க வேண்டும், அதற்குப் பலமுள்ள கால் மேற்படியில் இருக்க வேண்டும். இறங்கும்போது ஊன்றுகோலும் நொந்த காலும் முதலில் கீழ்ப்படிக்குப் போகும். மேலே நிற்கிற நல்ல கால் மடிந்து உடம்பை இறக்கிவிடும். இதை மனதில் பதிய வைக்கிறது லேசு. செய்யும்போதுதான் தெரியும், உடம்பின் முழுப் பாரமும் எந்த இடத்தில் நிற்கிறது என்று. பாரம் கமக்கட்டில் நிற்கக்கூடாது. அங்கே நரம்பு ஓடுகிறது, அமுங்கினால் கை மரத்துப்போகும். ஊன்றுகோலின் தலைக்கும் கமக்கட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும், பாரத்தை உள்ளங்கைதான் தாங்க வேண்டும். அப்படியானால் கைபிடி இல்லாத படியில் ஒரு மனிசியின் உயிர் நிற்பது, ஒரு நல்ல காலிலும், கட்டையின் அடியில் மாட்டிய இரண்டு றப்பர் மூடிகளிலும். ஒவ்வொரு மூடியும் ஒரு பெரிய நெல்லிக்காய் அளவுதான் நிலத்தில் படும். நனைந்த ரைல்ஸில் அது எப்படி நிற்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கைபிடி இருந்தால் கதையே வேறு. ஒரு கையால் கைபிடியைப் பிடித்து, இரண்டு கட்டையையும் மற்றக் கையில் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம். பாரத்தில் பாதி சுவருக்குப் போய்விடும். சறுக்கினாலும் கை விடாது.

இதை எனக்கு விளங்கவைத்தவர் ஆஸ்பத்திரி ஆள் அல்ல. காலைக் காட்டுவதற்கு நான் போய்வந்த தனியார் மருத்துவ சேவை நிலையம் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. லிப்ட் இல்லை. கால் முறிந்தவர்கள், இடுப்பு முறிந்தவர்கள், முழங்கால் தேய்ந்தவர்கள் எல்லாரும் பதினெட்டுப் படி ஏறித்தான் டொக்டரைப் பார்க்க வேண்டும். முதல் தரம் போனபோது நடுவில் உள்ள திரும்புமேடையில் மூச்சு வாங்கி நின்றேன். பின்னால் ஒருவர் ஏறி வந்தார், ஐம்பது வயதிருக்கும். ஒரு கால் தொடையோடு இல்லை, சாரத்தை மடித்துச் செருகியிருந்தார். இரண்டு கட்டையையும் ஒரு கையில் கோர்த்து, மற்றக் கையால் கைபிடியைப் பற்றி, சத்தமில்லாமல் என் பக்கத்தில் வந்து நின்றார். "அக்கா, இரண்டையும் இரண்டு பக்கம் வைச்சு ஏன் பாடுபடுறியள்? ஒண்டை மற்றதுக்குக் குறுக்காலை வைச்சு, ஒரு கையிலை பிடியுங்கோ." தன் கையில் பிடித்துக் காட்டினார், பெருவிரல் ஒரு கட்டைக்கு மேலாலும் மற்ற நாலு விரலும் இரண்டையும் சுற்றியும். தொண்ணூறாம் ஆண்டுகளில் மிதிவெடியில் போன கால் என்றார். செயற்கைக்கால் பூட்டிய இடம் புண்ணாகி இருந்ததால் அன்று கட்டையோடு வந்திருந்தார். "படி எனக்குப் பிரச்சினை இல்லை அக்கா. பிடிக்க ஒண்டு வேணும், அவ்வளவுதான்."

அவர் சொன்ன அந்தக் கடைசி வசனத்துக்காகத்தான் இந்த மடல்.

அதே படியில்தான், மூன்றாம் முறை காட்டிவிட்டு இறங்கும்போது, எனக்கு அது நடந்தது. வெளியே மழை. ஏறி இறங்கிய ஆட்களின் செருப்பில் வந்த சேற்றுத் தண்ணீர் ரைல்ஸில் பளபளத்தது. பிசியோப் பிள்ளை சொன்னபடியே தங்கச்சியின் மகன் எனக்கு முன்னால் ஒரு படி கீழே, என்னைப் பார்த்தபடி இறங்கினான். இறங்கும்போது துணை முன்னாலும், ஏறும்போது பின்னாலும் நிற்க வேண்டும். பதினாறு படி ஒழுங்காக இறங்கினோம். அங்கே கைபிடி முடிந்துவிட்டது. இரும்புச் சட்டர் இறங்குவதற்கு இடம் விட வேண்டுமென்று கடைசி இரண்டு படிக்கும் கைபிடி வைக்காமல் வெட்டிவிட்டிருந்தார்கள். இரண்டு கட்டையையும் திரும்ப இரண்டு பக்கமும் வைத்துப் பதினேழாவதை இறங்கினேன். பதினெட்டாவதுக்குக் கட்டையை இறக்கினேன், நிலம் வரவில்லை. ஒன்றரை அங்குலம்தான். ஆனால் அந்த ஒன்றரை அங்குலத்துக்குள் உடம்பு முன்னால் சாய்ந்துவிட்டது. பெறாமகன் இரண்டு தோளையும் பிடித்தான். பிடித்தபோதும் நொந்த கால் நிலத்தில் முழுப் பாரத்தோடு குத்தியது. அந்த நோவை எழுத எனக்கு விருப்பமில்லை. பெடியனின் முகம் வெள்ளையாகிப் போனதுதான் இப்போதும் கண்ணில் நிற்கிறது.

வீட்டுக்கு வந்து கட்டிலில் கிடந்தபடி அந்த ஒன்றரை அங்குலம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். அடுத்த முறை போனபோது பெறாமகனைக் கொண்டு அளப்பித்தேன். நடுப்படிகள் எல்லாம் ஏழு அங்குலம். கடைசிப் படி எட்டரை. இது மேசனின் கவலையீனம் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் விளங்கியது, அவர் தன் கணக்கைச் சரியாகத்தான் செய்திருக்கிறார். பத்தரை அடி உயரம், 126 அங்குலம், பதினெட்டால் பிரித்தால் ஏழு. கொங்கிறீற் போட்ட அன்றைக்கு ஒவ்வொரு படியும் ஏழுதான். பிறகு முதலாளி வந்து படிகளுக்கு ரைல்ஸ் பதிக்கச் சொல்லியிருப்பார். சாந்தும் ரைல்ஸும் சேர்ந்து ஒவ்வொரு படியும் ஒன்றரை அங்குலம் ஏறியது. எல்லாப் படியும் ஒன்றாக ஏறியதால் நடுவிலே வித்தியாசம் இல்லை. படி வந்து முடிகிற, வெளியே வாய்க்காலுக்கு மேல் போட்ட கொங்கிறீற் பிளேற் மட்டும் ஏறவில்லை. ஆகவே அடிப்படி எட்டரை. மேல்மாடி நிலத்துக்கு அந்தக் கனத்தில் ரைல்ஸ் பதிக்காமல் விட்டால் மேற்படி ஐந்தரையாகக் குறையும். உங்கள் ஊரில் நிலத்துக்கு மட்டும் பதித்துப் படியை வெறும் சீமெந்தாக விட்ட கட்டடமும் இருக்கும். அங்கே அடிப்படியின் உயரம் குறையும்.

சுகமான காலுக்கு இது தெரியாது. இரண்டு படி ஏறியதும் கால் அந்த உயரத்தைப் பழகிக்கொள்ளும், பிறகு கண் படியைப் பார்ப்பதில்லை. இருட்டில் இல்லாத படியில் கால் வைத்துத் திடுக்கிட்டிருப்பீர்கள் அல்லவா, அதுதான். உங்களுக்கு அது ஒரு திடுக்கிடல். கட்டையோடு வருகிறவருக்குத் திரும்பவும் ஆஸ்பத்திரி.

ஆகவே கணித ரீச்சராகச் சொல்கிறேன். படி பிரிக்கிற உயரத்தைக் கொங்கிறீற்றிலிருந்து கொங்கிறீற்றுக்கு அளக்காதீர்கள். ரைல்ஸ் பதித்து முடிந்த கீழ் மட்டத்திலிருந்து, ரைல்ஸ் பதித்து முடிந்த மேல் மட்டத்துக்கு அளந்து பிரியுங்கள். எந்த ரைல்ஸ் என்று முதலாளி முடிவெடுக்காவிட்டால் முடிவெடுக்கும் வரை படியைப் போடாதீர்கள். உயரம் ஏழு அங்குலத்தை விடக் குறைவாக, ஆறு, ஆறரை என்று வந்தால் இன்னும் புண்ணியம். படியின் உயரத்தை இரண்டால் பெருக்கி, கால் வைக்கிற அகலத்தைக் கூட்டினால் ஏறக்குறைய 24 அங்குலம் வர வேண்டும் என்ற கணக்கு பழைய மேசன்மாருக்கு மனப்பாடம். 17ஆம் நூற்றாண்டில் பிரான்சில் ஒரு கட்டடக்கலைஞர் மனிதர் நடக்கும்போது எடுத்துவைக்கிற எட்டின் நீளத்தை வைத்து எழுதியது அது, இன்றைக்கும் பிழைக்கவில்லை. ஆறரை உயரத்துக்குப் பதினொன்று அகலம். அந்தப் பதினொன்றில் முழுப் பாதமும், பக்கத்தில் கட்டையும் நிற்கும். எட்டு அங்குல அகலத்துப் படியில் கட்டைக்கு இடமில்லை, குதிகாலுக்கும் இடமில்லை.

இனிக் கைபிடிக்கு வருகிறேன். அந்தச் சேவை நிலையம் இருக்கிற கட்டடத்து முதலாளியிடம் நான் நேரே போய்க் கதைத்தேன். மரியாதையான மனிசன், இருத்தித் தேத்தண்ணி தந்தார். "ரீச்சர், நீங்கள் சொல்லுறது எனக்கு விளங்குது. ஆனா லிப்ட் போட என்னட்டைக் காசில்லை. சாய்தளம் போட இடமில்லை." அவர் சொன்னது பொய்யில்லை. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் விட்டால்தான் சக்கரநாற்காலி ஏறக்கூடிய சாய்தளம். 2008 கார்த்திகையில் நிஷா புயலின் வெள்ளம் கடைகளுக்குள் புகுந்ததைக் கண்ட பிறகு நிலத்தை உயர்த்திக் கட்டாதவர் யார்? மூன்றடி உயர்த்தினால் முப்பத்தாறடி சாய்தளம் வேண்டும். கஸ்தூரியார் வீதியில் முன்பக்கம் பன்னிரண்டடி உள்ள கடைக்காரர் எங்கே போவார்?

இந்த இடத்தில்தான் நாங்கள் எல்லாரும் தவறிவிடுகிறோம் என்று நினைக்கிறேன். வலுக்குறைந்தோருக்கு வசதி என்றதும் சக்கரநாற்காலி, சாய்தளம், லிப்ட் என்று லட்சக்கணக்கில் மனம் போகிறது. முடியாது என்று தெரிந்ததும் மொத்தமாக விட்டுவிடுகிறோம். புதிதாகப் பெரிய கட்டடம் கட்டுகிறவர்களுக்கு நான் சாய்தளத்தையும் லிப்ட்டையும் விட்டுத்தரவில்லை. அது சட்டம். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், பொதுமக்கள் போய்வருகிற எந்தக் கட்டடத்திலும் வலுக்குறைந்தவர் என்ற காரணத்துக்காக ஒருவரைத் தடுக்கக் கூடாது என்கிறது. 2006 ஒக்ரோபரில் வர்த்தமானியில் வந்த ஒழுங்குவிதிகள் அப்போதிருந்த பொதுக் கட்டடங்களுக்கு இந்த வசதிகளைச் செய்ய மூன்று வருட அவகாசம் கொடுத்தன. அந்த மூன்று வருடமும் போய் எத்தனையோ காலம். கலாநிதி அஜித் சீ. எஸ். பெரேரா என்ற மனிதரை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். கிரிக்கெட் நடுவராக இருந்தவர். 1992இல் ஓடிக்கொண்டிருந்த அவரின் காருக்கு மேல் மரம் விழுந்து, வாழ்நாள் முழுக்கச் சக்கரநாற்காலியில் இருந்தார். அவர் போட்ட வழக்கில்தான் 2011 ஏப்ரல் 27இல் உயர் நீதிமன்றம், புதிய பொதுக் கட்டடம் எதுவும் அந்த விதிகளை மீறக் கூடாது என்று கட்டளையிட்டது. 2020இல் அவர் காலமானார். ஒரு மனிதர் சக்கரநாற்காலியில் இருந்தபடி நாடு முழுவதற்குமாக வாங்கித் தந்த கட்டளையை, பிளான் கீறுகிற மேசையில் நாங்கள் மறக்கக் கூடாது.

ஆனால் ஏற்கெனவே கட்டி முடிந்த, இடமில்லாத, காசில்லாத கட்டடங்கள்தான் எங்கள் வீதிகளில் அதிகம். அவற்றுக்குத்தான் கைபிடி கேட்கிறேன். ஒன்றரை அங்குலக் குழாய், சுவரில் பூட்டுகிற தாங்கிகள், ஒரு வெல்டிங்காரரின் ஒன்றிரண்டு நாள் வேலை. உங்கள் கடை முகப்புப் பெயர்ப்பலகைக்குப் போன காசோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

எப்படிப்பட்ட கைபிடி என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பேருக்கு வைத்த கைபிடிகளை நிறையப் பிடித்துப் பார்த்துவிட்டேன். உருண்டையாக, விரல்கள் சுற்றிப் பிடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஆறங்குல அகலப் பலகையும், ரைல்ஸ் பதித்த கட்டைச் சுவரும் பார்க்க அழகு, பிடிக்க உதவாது. உள்ளங்கையை வைக்கலாம், சறுக்கும்போது பற்ற முடியாது. சுவருக்கும் குழாய்க்கும் நடுவே இரண்டு அங்குலம் இருந்தால் விரல்முட்டி உரசாது. உயரம் படியின் விளிம்பிலிருந்து மூன்றடிக்குச் சற்றுக் குறையலாம், ஏறி முடியும் வரை ஒரே உயரம். திரும்புமேடையில் அறுந்துபோகாமல் வளைந்து தொடர வேண்டும். ஆடக் கூடாது. ஒரு கட்டடத்தில் நான் பிடித்ததும் கைபிடி சுவரிலிருந்து கையோடு வந்தது. இல்லாததை விட அது மோசம், இல்லையென்றால் அதை நம்பியிருக்க மாட்டேன்.

இரண்டு பக்கமும் ஏன் என்று கேட்பீர்கள். ஏறும்போது வலப்பக்கம் இருக்கிற கைபிடி இறங்கும்போது இடப்பக்கம் வந்துவிடும். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தவருக்கு ஒரு கைதான் இருக்கிறது. அவர் ஏறலாம், இறங்க முடியாது. இறங்க முடியாது என்று தெரிந்தால் ஏறவும் மாட்டார். வீட்டிலேயே இருந்துவிடுவார்.

சட்டர் இறங்க வேண்டுமென்றால் அந்த இடத்தில் மட்டும் கழற்றிப் பூட்டுகிற துண்டு போடலாம் என்று வெல்டிங்காரத் தம்பி ஒருவர் எனக்குப் படம் கீறிக் காட்டினார். காலையில் சட்டர் திறக்கிற பெடியன் அதைப் பூட்டினால் சரி, இரண்டு நிமிட வேலை. கைபிடி கடைசிப் படியோடு நில்லாமல் ஒரு அடி தாண்டிப் போக வேண்டும். இறங்கி முடிந்துவிட்டது என்ற நினைப்பில் கடைசிப் படியில் விழுகிறவர்களும் இருக்கிறார்கள்.

கைபிடியும் உடனே போட வசதியில்லையா? கொக்குவிலில் மேல்மாடியில் தைக்கிற ஒரு தங்கச்சி, கீழே சுவரில் ஒரு மணிச் சுவிட்சும் ஒரு பிளாஸ்ரிக் கதிரையும் வைத்திருக்கிறா. "ஏற ஏலாதவை மணியை அடியுங்கோ, நான் இறங்கி வாறன்" என்று கார்ட்போட்டில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறா. என் சட்டைக்கு அளவெடுத்தது அந்தக் கதிரையில் வைத்துத்தான். யாரும் அவவுக்குச் சட்டம் சொல்லிக் கொடுக்கவில்லை.

வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பிக் கட்டுகிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. ரைல்ஸின் நிறத்தை வட்ஸ்அப்பில் பார்த்துத் தெரிவு செய்கிறீர்கள். நீங்கள் இருக்கிற ரொறன்ரோவிலும் லண்டனிலும் கைபிடி இல்லாத கடைப்படியை நீங்கள் கண்டிருக்கிறீர்களா? அடுத்த முறை வீடியோவில் படியையும் காட்டச் சொல்லுங்கள். மருந்தெடுக்க, வங்கிக்கு, பென்சன் அலுவலுக்கென்று அந்தப் படிகளில் தனியே ஏறுவது உங்கள் அம்மாவும் அப்பாவும்தான். கையைப் பிடிக்க நீங்கள் பக்கத்தில் இல்லை.

எங்கள் ஊருக்கு ஊன்றுகோல் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் செயற்கைக்கால் செய்து பூட்டிவிட ஒரு நிலையமே வேண்டியிருந்த காலத்தைக் கடந்து வந்தவர்கள் நாங்கள். அந்தக் காலத்தில் காலை இழந்த பிள்ளைகளுக்கு இப்போது நாற்பது, ஐம்பது வயது. இருபது வயதில் கைபிடி இல்லாமலும் துள்ளி ஏறியவர்களுக்கு இப்போது மற்ற முழங்காலும் நோகத் தொடங்கியிருக்கிறது. இரண்டு காலின் வேலையை ஒரு கால் முப்பது வருடம் செய்திருக்கிறது. திரும்புமேடையில் எனக்குக் கட்டை பிடிக்கச் சொல்லித்தந்த அந்தத் தம்பியும் பதினாறாவது படியில் கைபிடி முடிந்ததும் சற்று நின்றுதான் இறங்கினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் கட்டடத்து முதலாளி தை பிறந்த பிறகு செய்விக்கிறேன் என்று சொன்னார். மாசி நடுவில் போனபோது மற்றப் பக்கச் சுவரில் தாங்கிகள் பூட்டியிருந்தன, குழாய் வரவில்லை. அவர் செய்வார் என்றுதான் நம்புகிறேன். திரும்பப் போய்ப் பார்ப்பேன்.

மற்றவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். படிக்குப் பலகை அடித்துக் கொங்கிறீற் போட முதல் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். அளவு நாடாவோடு வந்து உங்களோடு நின்று பிரித்துத் தருகிறேன். கட்டி முடிந்த கட்டடமென்றால் கிறச்சஸ் இரண்டையும் கொண்டு வருகிறேன். அவற்றை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. நீங்களே கமக்கட்டில் வைத்து, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, உங்கள் படியில் ஒருதரம் இறங்கிப் பாருங்கள். நான் ஒரு படி கீழே, உங்களைப் பார்த்தபடி நிற்பேன்.

இப்படிக்கு,
அன்புடன்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருத்தி,
கோண்டாவில்.